விதையில்லாப் பழத்துக்கு விதையில்லா ஆள்

1977 செப்டம்பரில் அமெரிக்காவின் தேசிய பீச் பழக் கவுன்சில் செயலாளர், தொழிலாளர் பாதுகாப்புத் துறைத் தலைவராக இருந்த யூலா பிங்கம் அம்மையாருக்கு ஒரு கடிதம் எழுதினார். முதலாளிகளின் பெருந்தன்மைக்கு அதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. மேலாண்மைப் படிப்பில் பாடமாகவே வைக்கலாம்.

விஷயம் இதுதான். டி.பி.சி.பி. என்றொரு புழுக்கொல்லி. டவ் கம்பெனி அதை ஃபியூமசோன் என்றும், ஷெல் கம்பெனி நெமகான் என்றும் பெயர் சூட்டி விற்றன. வேரை அரிக்கும் நூற்புழுவைக் கொல்வது அதன் வேலை. கலிபோர்னியாவின் லேத்ராப் ஊரில், ஆக்சிடென்டல் கம்பெனி ஆலையில் அந்த மருந்தைக் கலந்துகொண்டிருந்த ஆண்கள், நம்மில் பலருக்கும் குழந்தையே தங்கவில்லையே என்று ஒருவருக்கொருவர் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு வளர்ந்து, விந்தணுப் பரிசோதனை வரை போனது. சிலருக்கு எண்ணிக்கை அதலபாதாளத்தில். சிலருக்கு எண்ணுவதற்கே ஒன்றுமில்லை.

பீச் செயலாளர் பதறவில்லை. நிதானமாக யோசித்தார். ரசாயனத்தால் மலடாவது கெட்டதாக இருக்கலாம், ஆனால் கெட்டதாகத்தான் இருக்கவேண்டுமா என்று கேட்டார். காசு கொடுத்துக் கருத்தடை செய்துகொள்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே! இனிப் பிள்ளை வேண்டாம் என்கிற வயதுக்காரர்களை இந்த வேலையில் போடலாமே! ஆபரேஷனுக்குப் பதில் இதுவே போதும் என்று யாராவது மனமுவந்து வரலாமே! மதம் கருத்தடையைத் தடுக்கிறதென்றால் அதற்கும் இது மாற்றுவழி ஆகுமே!

கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றுகிறதல்லவா? சம்பளமும் உண்டு, குடும்பக் கட்டுப்பாடும் உண்டு, பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கும் சிரமமும் இல்லை. நம் நாட்டில் அப்போதுதான் நெருக்கடி நிலை முடிந்திருந்தது. 1976-77ல் மட்டும் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை ஆபரேஷன்கள். போலீஸ், முகாம், அரசு ஊழியருக்கெல்லாம் இலக்கு என்று சஞ்சய் காந்தி எவ்வளவு மெனக்கெட்டார்! நாலு கப்பல் நெமகான் இறக்கியிருந்தால் சத்தமில்லாமல் காரியம் முடிந்திருக்கும், ஆட்சியும் கவிழ்ந்திருக்காது.

லேத்ராப் ஆண்களுக்கு 1977ல் தெரிந்தது எலிகளுக்கு 1958லேயே தெரியும். டவ் நடத்திய சோதனையிலும், ஷெல்லுக்காகக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையிலும் எலிகளின் விரைகள் சுருங்கிப்போயின. 1961ல் அது ஆய்விதழில் அச்சாகியும் வந்தது. ரகசியமே இல்லை. எலிகள் தொழிற்சங்கம் வைத்திருந்தால் அன்றே வேலைநிறுத்தம் செய்திருக்கும்.

இந்த மருந்து செய்கிற காரியம் நுணுக்கமானது. விந்தணுவைப் பிறப்பிக்கும் மூல உயிரணுக்களையே அழித்துவிடுகிறது. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, உற்பத்தியைப் பெருக்கு என்று எஃப்.எஸ்.எச். ஹார்மோனைக் கூட்டிக் கூட்டி அனுப்பும்; ஆளில்லாத ஆபீசுக்கு மெமோ மேல் மெமோ போகிற மாதிரி. ஆனால் ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் குறைவதில்லை. மீசைக்குக் கேடில்லை, குரலுக்குக் கேடில்லை, ஆசைக்கும் கேடில்லை. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. குழந்தை மட்டும் வராது. அப்போது ஊர் யாரைப் பார்க்கும்? அவன் பெண்டாட்டியைத்தான். குற்றவாளிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறென்ன வேண்டும்?

உண்மை வெளியே வந்ததும் கலிபோர்னியா தடை போட்டது. 1979ல் அமெரிக்கா முழுவதும் தடை. ஹவாய் அன்னாசிக்கு மட்டும் 1985 வரை சலுகை. அன்னாசிக்குச் செல்வாக்கு அதிகம் போலிருக்கிறது. டவ் உற்பத்தியை நிறுத்தி, சரக்கைத் திரும்பப் பெறப் பார்த்தது. மத்திய அமெரிக்காவில் வாழைத்தோட்டம் நடத்திய ஸ்டாண்டர்ட் ஃபுரூட் கம்பெனி, இன்றைய டோல், சரக்கு வராவிட்டால் ஒப்பந்த மீறல் என்று கண்ணை உருட்டியது. டவ் மனச்சாட்சியைக் கலந்தாலோசித்தது. வழக்கு கிழக்கு வந்தால் பொறுப்பு உன்னுடையது என்று எழுதி வாங்கிக்கொண்டது. சரக்கு போனது.

கோஸ்டாரிகா, நிகராகுவா, ஹோண்டுராஸ், பிலிப்பைன்ஸ். ஒவ்வொரு வாழை மூட்டிலும் மண்ணுக்குள் ஊசியைக் குத்தி மருந்தை இறக்கும் கைப்பம்பு, கையுறை இல்லாத கை, தெறிக்கிற திரவம். வாழைப்பழத்துக்கு விதை கிடையாது. அதைப் பறிக்கிறவனுக்கு எதற்கு என்று நினைத்தார்கள் போலும். நம்மூரில் வாழையடி வாழையாக என்று வாழ்த்துவோம். அங்கே வாழையடியில் நின்றவர்களின் வம்சம் அதோடு சரி.

கோஸ்டாரிகாக்காரர்கள் டெக்சஸில் வழக்குப் போட்டார்கள். கம்பெனிகளின் வாதம்: இவ்வளவு தூரத்தில் வழக்கு நடத்துவது அசௌகரியம், கோஸ்டாரிகாவுக்கே போங்கள். வழக்குத் தாக்கலான ஹூஸ்டன் நீதிமன்றத்திலிருந்து ஷெல்லின் தலைமையகம் மூன்று தெரு தள்ளி இருந்தது. அதை டெக்சஸ் உச்ச நீதிமன்ற நீதிபதி டாகெட்டே 1990ல் தீர்ப்பில் எடுத்து எழுதினார். மூன்று தெரு நடக்க முடியாதவர்கள், மருந்தை மட்டும் கடல் கடந்து கொண்டுபோயிருக்கிறார்கள். டெக்சஸிலேயே வழக்கு நடத்தலாம் என்று தொழிலாளர்கள் வென்றார்கள். டெக்சஸ் சட்டமன்றம் சும்மா இருக்குமா? 1993ல் சட்டத்தையே திருத்தி, அசௌகரியப்படும் உரிமையைக் கம்பெனிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது.

பிறகு வந்த நிகராகுவா வழக்கொன்றில், வாழைத்தோட்டத்தையே பார்க்காதவர்களையும் பாதிக்கப்பட்டவர்களாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று 2009ல் லாஸ் ஏஞ்சலஸ் நீதிபதி ஒருவர் கண்டுபிடித்துத் தள்ளுபடி செய்தார். மோசடி மோசடிதான். கம்பெனிகளுக்கு ஒரே கொண்டாட்டம். 1958ன் எலிகளில் கள்ள எலி எத்தனை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரக் கிணறுகளிலும் இந்த மருந்து இறங்கியிருந்தது. அந்த நகரத்தோடு கம்பெனிகள் 1995ல் சமரசத்துக்கு வந்தன. அமெரிக்கக் குடிநீரில் இதற்கு அனுமதித்த அளவு, லிட்டருக்கு ஒரு கிராமில் 50 லட்சத்தில் ஒரு பங்கு. அமெரிக்கத் தொண்டை அவ்வளவு மென்மையானது. வாழைத்தோட்டத்து விரைகளுக்கும் விலை வைத்தார்கள். 1997ல் டவ், ஷெல், ஆக்சிடென்டல் மூன்றும் பல நாடுகளைச் சேர்ந்த சுமார் 26,000 தொழிலாளர்களுக்கு 4 கோடியே 15 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டன. தலைக்கு 1,600 டாலர்கூடத் தேறாது. வக்கீல் பங்கு அதற்குள்தான்.

பொறுப்பை அடுத்தவன் தலையில் எழுதி வாங்கத் தெரிந்த டவ், 2001ல் யூனியன் கார்பைடை விலைக்கு வாங்கியது. சொத்து வந்தது, ஆலைகள் வந்தன, காப்புரிமைகள் வந்தன. போபால் விஷவாயுப் பழி மட்டும் வரவில்லையாம்.