காற்றுக் கட்சி

துணி எதனால் காய்கிறது என்ற கேள்வியில் எங்கள் வீட்டில் மூன்று கட்சிகள். வெயிலால் காய்கிறது என்பது அம்மாவின் கட்சி. பாரம்பரியம் மிக்கது, கொள்கை மாறாதது. சூட்டால் காய்கிறது என்பது என் மனைவியின் கட்சி. டிரையரில் 'ஹை' என்று எழுதிய பொத்தான்தான் அதன் சின்னம். ஆட்சியில் இருப்பதும் அதுவே. காற்றால் காய்கிறது என்பது என் கட்சி. அதன் தலைவர், தொண்டர், டெபாசிட் இழந்த வேட்பாளர் எல்லாம் நான் ஒருவனே.

டொராண்டோவை ஒட்டிய மார்க்கம் நகரில் இருக்கிறோம். பெற்றோருக்கான சூப்பர் விசாவில் மயிலாடுதுறையிலிருந்து அம்மா வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதம். வெயில் பளீரென்று அடித்தது. குளிர் மைனஸ் 15. "இம்புட்டு வெயில் வெளியில வீணாப் போகுது, நீங்க உள்ள உக்காந்து கரண்ட்டைச் செலவு பண்றீங்களே" என்று அம்மா பின்பக்க டெக்கில் கொடி கட்டி என் வேட்டியைக் காயப்போட்டார். கொஞ்ச நேரத்தில் வேட்டி விறைத்துப்போய், எடுத்து வைத்தால் தானாக நின்றது. கட்டிக்கொள்ள ஆள் தேவைப்படவில்லை.

சிரித்துவிட்டுப் போய்விட முடியாது. உறைந்த துணியும் காயும். பனி நீராக உருகாமலே நேராக ஆவியாகும். வறண்ட காற்று வீசினால் இன்னும் சீக்கிரம். மறுநாள் சாயங்காலம் வேட்டி பாதிக்கு மேல் உலர்ந்திருந்தது. அம்மா அதை வெயிலின் வெற்றியாக அறிவித்தார். ராத்திரி முழுக்க அடித்த காற்றுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

சட்டமும் அம்மா பக்கம்தான். இங்கே பல புதுக் குடியிருப்புகளில் கொடி கட்டித் துணி காயப்போடக் கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். தெருவின் அழகு கெடுமாம். 2008-இல் ஒன்டாரியோ அரசு அந்தத் தடைகளைச் செல்லாதவை ஆக்கியது. அம்மாவிடம் சொன்னேன். "ஈரத்துணியைக் காயப்போடக் கவர்மென்ட்டு ஆர்டர் வேணுமாக்கும்" என்றார்.

வெயில் கைவிட்டவர்கள்தான் டிரையர் பக்கம் போனார்கள். 1800-ஐ ஒட்டிப் பிரான்சில் போஷோன் என்பவர், துளை போட்ட உருளைக்குள் ஈரத்துணியைத் திணித்து நெருப்புக்கு மேலே கையால் சுற்றினார். துணி காய்ந்தது, புகை வாசனை இலவசம். 1892-இல் ஜார்ஜ் சாம்ப்சன் என்ற கறுப்பின அமெரிக்கர், அடுப்புச் சூட்டில் உலர்த்தும் ஓர் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு வடக்கு டகோட்டாக் குளிரில் துணி காயப்போட்டு வெறுத்துப்போன ராஸ் மூர் ஒரு மின் டிரையரை வடிவமைத்தார். விஸ்கான்சினில் டூ ரிவர்ஸ் என்ற ஊரிலிருந்த ஹாமில்டன் நிறுவனம் அதை 1938-இல் 'ஜூன் டே' என்ற பெயரில் விற்றது. பனியில் நடுங்குகிறவனிடம் ஜூன் மாதத்தை விற்றால் அவன் விலையா கேட்பான்?

விற்பனைக்கு யோசனை சொன்னவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற வடிவமைப்பாளர். வெறும் பெட்டியை யார் வாங்குவார்கள், கதவில் கண்ணாடி வையுங்கள், கடையில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் அரை டிராயர்களைப் போட்டுச் சுழல விடுங்கள் என்றார். அம்மா இதைக் கேட்டுக் கொதித்துப்போனார். "கண்ணாடிக்குள்ள டிராயரைச் சுத்தவிட்டா வியாபாரம். அதையே நான் கொடியில போட்டா மட்டும் தெரு அழகு கெடுதா?" இந்தக் கேள்விக்கு ஒன்டாரியோ அரசும் பதில் சொல்லவில்லை.

இனி என் கட்சியின் கொள்கை விளக்கம். டிரையருக்குள் இருப்பது பிரமாதமான வித்தை ஒன்றுமில்லை. பெரும்பாலான மெஷின்களில் ஒரே மோட்டார்தான். அதன் ஒரு முனை பெல்ட் போட்டு உருளையைச் சுற்றுகிறது; மறுமுனையில் ஒரு விசிறி. அந்த விசிறி வீட்டுக்குள்ளிருக்கும் காற்றை உள்ளே இழுக்கிறது. காற்று முதலில் ஹீட்டரைத் தொட்டுச் சூடாகி, உருளைக்குள் நுழைந்து, தூக்கித் தூக்கிப் போடப்படும் துணிகளின் ஊடே புகுந்து, ஈரத்தை வாங்கிக்கொண்டு, பஞ்சு வடிகட்டியைத் தாண்டி, நாலு அங்குலக் குழாய் வழியாகத் தெருவுக்குப் போய்விடுகிறது.

சூட்டுக் கட்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். வாஷிங் மெஷின் பிழிந்து போட்ட பிறகும் 4 கிலோத் துணியில் ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர் தங்கியிருக்கும். அதை ஆவியாக்க ஒன்றேகால் யூனிட்டுக்குக் குறையாமல் மின்சாரம் வேண்டும். அதனால்தான் ஹீட்டர் 240 வோல்ட்டில் 5000 வாட் வரை விழுங்குகிறது. ஆனால் ஆவியான தண்ணீர் எங்கே போகும்? உருளைக்குள்ளேயே நின்றால் அது மறுபடி துணிக்கு உறவுதான். வெளியே கொண்டுபோய் விடுவது காற்று. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வாஷிங் மெஷினில் இன்னும் வேகமாகச் சுழற்றிப் பிழியுங்கள். தண்ணீரை ஆவியாக்குவதைவிடச் சுழற்றி விரட்டுவது எத்தனையோ மலிவு. இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் விளக்கினேன். மனைவி "ரசம் ஆறுது" என்றாள்.

போன குளிர்காலத்தில் ஆட்சிக்கு நெருக்கடி வந்தது. ஒரு மணி நேரம் ஓடியும் ஜீன்ஸ் ஈரம். மனைவி 'ஹை' பொத்தானை அழுத்தி இன்னொரு மணி நேரம் ஓட்டினாள். மெஷினின் மண்டை கொதித்தது, ஜீன்ஸ் அப்படியே இருந்தது. ஸ்கார்பரோவிலிருந்து யாழ்ப்பாணத்து ரிப்பேர்க்கார அண்ணை வந்தார். மெஷினைப் பிரிக்கவே இல்லை. பின்னால் எட்டிப் பார்த்தார், வெளியே போய்ச் சுவரில் இருந்த மூடியைப் பார்த்தார், திரும்பி வந்தார்.

"தங்கச்சி, மிசினில ஒரு பிழையும் இல்லை. காத்து வெளியில போக வழியில்லாமக் கிடக்கு. ஹை எண்டு அமத்தினா மட்டும் காயாது."

எங்கள் கட்சிக்குக் கிடைத்த முதல் கூட்டணி. முகத்தில் எதையும் காட்டாமலிருக்க நான் படாதபாடு பட்டேன்.

வீட்டை விற்றுப் போனவர் மெஷினின் பின்னால் மாட்டியிருந்தது மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாய். மடிப்புக்கு மடிப்பு பஞ்சு. வெளிச்சுவர் மூடிக்குள் ஒரு குருவிக் குடும்பம் குடியிருந்து காலிசெய்து போன கூடு. காற்று தேங்கினால் உள்ளே சூடு ஏறும். ஏறினதும் தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைத்துவிடும். ஹை என்று அழுத்துகிறவர்கள் அணைந்த ஹீட்டருக்குத்தான் உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதையும் மீறிச் சூடு ஏறினால் தெர்மல் ஃப்யூஸ் என்ற சிறு துண்டு தன் உயிரைக் கொடுத்து வீட்டைக் காப்பாற்றும். அதை மட்டும் மாற்றிவிட்டுக் குழாயை அப்படியே விட்டால் புது ஃப்யூசும் அதே தியாகத்தைச் செய்யும்.

அண்ணை மடிப்பில்லாத உலோகக் குழாய் போட்டார். இணைப்புகளில் ஸ்க்ரூ அடிக்கவில்லை, முனை உள்ளே நீட்டினால் பஞ்சு அதில் மாட்டிக்கொள்ளுமாம். அலுமினிய டேப் சுற்றினார். வெளி மூடிக்கு வலை அடிக்காதீர்கள், அதுவும் அடைக்கும் என்றார். "மிசின் ஓடேக்க வெளியில போய்க் கையை வச்சுப் பாருங்கோ. காத்து மூடியைத் தூக்கித் தள்ள வேணும்." எங்கள் கட்சிக்கு இதைவிட நல்ல கொள்கை அறிக்கை கிடையாது.

போகும்போது வடிகட்டியைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக் காட்டினார். தண்ணீர் வலையில் இறங்காமல் குளம் கட்டி நின்றது. வாசனைக்காகப் போடும் டிரையர் ஷீட்டின் மெழுகுதான் காரணம். சோப்புப் போட்டு பிரஷ்ஷால் தேய்த்ததும் இறங்கியது. உருளைக்குள் ஈரத்தை உணர இரண்டு உலோகப் பட்டைகள் உண்டு. ஈரத்துணி இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் மின்சுற்று இணைந்து, இன்னும் காயவில்லை என்று மெஷினுக்குத் தெரியும். அதே மெழுகு அங்கேயும் படியும். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். வேட்டியின் வம்பு வேறு. அது சுழன்று சுழன்று வீட்டிலுள்ள சாக்ஸையெல்லாம் தனக்குள் சுருட்டிக்கொள்ளும். வெளிப்புறம் காய்ந்ததும் பட்டைகள் வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிடும். உள்ளே சாக்ஸ் ஈரத்தில் ஊறிக்கொண்டிருக்கும். வேட்டியைத் தனியாகப் போடுவதே நல்லது.

அம்மாவுக்கென்று ஒரு விதி: சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த துண்டு டிரையருக்குள் போகவே கூடாது. துணியில் தங்கிய நல்லெண்ணெய் காற்றோடு வினைபுரிந்து தானாகவே சூடு ஏறும். சூடான துணிக்குவியலின் நடுவே இருந்தால் தீயே பிடிக்கும். கடைசிச் சில நிமிடம் மெஷின் சூடில்லாமல் துணியைச் சுற்றுவது இந்த மாதிரி ஆபத்தைத் தவிர்க்கவும்தான். அவசரப்பட்டு நடுவில் நிறுத்தக் கூடாது.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் கணக்கையும் மனைவியிடம் ஒப்பித்தேன். 2008 முதல் 2010 வரை அங்கே ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீவிபத்துகள். அதிகம் நடந்தது ஜனவரியில். முதல் காரணம் சுத்தம் செய்யாதது. "சரிங்க, செய்யறேன்" என்றாள். ஆட்சியாளர்கள் மனு வாங்கும்போது சொல்லும் அதே சரி.

புள்ளிவிவரத்தால் ஆகாததை அம்மா செய்தார். வடிகட்டியில் வந்த பஞ்சைக் குப்பையில் போட மனம் வரவில்லை. "நல்ல பஞ்சு, வீணாக்குவானேன்" என்று திரி திரித்து, எண்ணெயில் நனைத்து, சாயங்காலம் சாமி விளக்கில் ஏற்றினார். பாதி பருத்தி, பாதி பாலியெஸ்டர். திரி குபீரென்று பிடித்துக் கறுப்பாகப் புகைந்தது. கூடத்து ஸ்மோக் அலாரம் அலறியது. அதைக் கேட்டு மாடி அலாரமும் சேர்ந்துகொண்டது. அம்மா பதறாமல் ஊதி அணைத்துவிட்டு, "கனடாப் பஞ்சு சரியில்லை" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் துணி எடுத்த கையோடு மனைவி வடிகட்டியைச் சுரண்டிப் பஞ்சைக் குப்பைத்தொட்டியின் அடியில் புதைக்கிறாள். தீவிபத்துக்குப் பயந்து அல்ல, அத்தை கையில் கிடைத்துவிடக் கூடாதே என்றுதான். துணி இப்போது ஒரே ஓட்டத்தில் காய்கிறது. "பார்த்தீங்களா, ஹைல போட்டா எப்படிக் காயுதுன்னு" என்கிறாள்.