யெல்லோஸ்டோனை ஆற வைத்தல்: நாசாவுக்கு ஒரு மனு

அனுப்புநர்: உலகம் அழியும் தேதியை ஆண்டுதோறும் செய்தித்தாளில் படித்துவரும் வாசகர்கள்.

பெறுநர்: இயக்குநர் அவர்கள், ஜெட் உந்துவிசை ஆய்வகம், நாசா, கலிஃபோர்னியா.

பொருள்: யெல்லோஸ்டோன் எரிமலையைக் குளிரூட்டும் பணி – முடிவுச் சான்றிதழ் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

விண்கற்களைவிட மீஎரிமலைகளே, அதாவது ஒரே வெடிப்பில் ஆயிரம் கன கிலோமீட்டருக்கு மேல் பாறையும் சாம்பலும் கக்கக்கூடிய எரிமலைகளே, மனித குலத்துக்குப் பெரிய அபாயம் என்று தங்கள் ஆய்வகத்தைச் சேர்ந்த பிரையன் வில்காக்ஸ் 2017-இல் எடுத்துரைத்ததும், யெல்லோஸ்டோனின் பக்கவாட்டில் சுமார் 10 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, உயர் அழுத்தத்தில் நீரைச் செலுத்தி, அது ஏறக்குறைய 350 டிகிரி வெப்பத்துடன் திரும்பி வரும்போது அந்த வெப்பத்தால் மின்சாரம் தயாரிக்கலாம் என்று விளக்கியதும் மனுதாரர்களின் கவனத்துக்கு வந்துள்ளன. மதிப்பீட்டுச் செலவு 346 கோடி டாலர். உலகத்தைக் காப்பாற்றுவதோடு நில்லாமல், காப்பாற்றப்பட்டவர்களிடம் மாதாமாதம் மின்கட்டணமும் வசூலிக்கும் இந்த ஏற்பாட்டின் நேர்த்தியை மனுதாரர்கள் மனமாரப் பாராட்டுகின்றனர்.

பணியின் கால அளவில்தான் சிறு ஐயம் எழுகிறது. பாறை ஆண்டுக்கு ஒரு மீட்டர் வீதமே குளிரும் என்பதால், முழுதும் ஆறி முடியப் பல பத்தாயிரம் ஆண்டுகள் ஆகுமென்று திட்டமே ஒப்புக்கொள்கிறது. எழுத்து தோன்றியே சுமார் ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன என்ற நிலையில், ஒப்பந்தக்காரர் எந்த மொழியில் கணக்கு ஒப்படைப்பார், அதை எந்த நாட்டுத் தணிக்கையாளர் சரிபார்ப்பார் என்பதைக் கோப்பில் குறித்து வைப்பது நலம். துளையிடுவதும் எளிதன்று. சோவியத் ஒன்றியம் கோலா தீபகற்பத்தில் 1970-இல் தொடங்கிய ஆழ்துளை 12,262 மீட்டரை எட்டவே 1989 ஆனது. அங்கே அடியில் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக, 180 டிகிரி வெப்பம் இருந்ததால் மேற்கொண்டு தோண்ட இயலவில்லை. அந்தத் துளையின் அடியில் எரிமலை ஏதும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். மேலிருந்து துளைத்தால் பாறைக்குழம்பு அறையின் மூடி நொறுங்கி, தடுக்க வந்த வெடிப்பையே தூண்டிவிடக்கூடும் என்று வில்காக்ஸ் முன்கூட்டியே எச்சரித்திருப்பது அவருடைய நேர்மைக்குச் சான்று.

அவசரம் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். யெல்லோஸ்டோனின் பெருவெடிப்புகள் சுமார் 20.8 லட்சம், 13 லட்சம், 6.31 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தன. அவற்றுக்கு இடைப்பட்ட காலங்கள் இரண்டே இரண்டு என்பதைப் பொருட்படுத்தாமல் சராசரி எடுத்து, 'தவணை கடந்துவிட்டது' என்று ஆண்டுதோறும் அறிவிப்போர் உண்டு. அவர்கள் வழியிலேயே கூட்டிக் கழித்தாலும் தவணைக்கு இன்னும் ஏறத்தாழ 1 லட்சம் ஆண்டு பாக்கி. எனவே தங்கள் திட்டம் கெடுவுக்குள் முடிந்துவிடும் என்பது பொதுப்பணி வரலாற்றில் அரிய பெருமை. ஓராண்டில் பெருவெடிப்பு நிகழும் வாய்ப்பு சுமார் 7,30,000-இல் ஒன்று என்று அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் கூறுகிறது. 2014-இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் காட்டெருமைகள் சாலையில் ஓடிய காணொளியைக் கண்டு, அவை வெடிப்புக்கு அஞ்சித் தப்புகின்றன என்று பலர் நம்பினர். அவை வழக்கமாக ஓடுபவைதான் என்று பூங்கா நிர்வாகம் விளக்க நேர்ந்தது.

இதற்கிடையில், மீஎரிமலை என்ற பட்டம் பெறாத சாதாரண மலைகள் தவணை ஏதும் கேட்காமல் வெடித்துவருகின்றன. கொலம்பியாவின் நெவாடோ டெல் ருயிஸ் எரிமலையின் அபாய வரைபடம் 1985 அக்டோபரிலேயே தயாராகி, ஆர்மேரோ நகரம் சேற்றுப்பெருக்கின் பாதையில் இருப்பதைக் காட்டியிருந்தது. நவம்பர் 13 இரவு மலை வெடித்துப் பனி உருகி, அந்தச் சேறு நகரத்தை அடையச் சுமார் இரண்டரை மணி நேரம் இருந்தும், நகர மக்கள் உரிய நேரத்தில் வெளியேற்றப்படாததால், மொத்தம் ஏறத்தாழ 23,000 பேர் மாண்டனர். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினதூபோ வெடித்தபோது, அமெரிக்க, பிலிப்பைன்ஸ் வல்லுநர்கள் சில நிலஅதிர்வு மானிகளையும் வாயு அளவீடுகளையும் நம்பி முன்கூட்டியே எச்சரித்ததால் பல்லாயிரம் பேர் வெளியேறிப் பிழைத்தனர். இவ்வளவு மலிவான வேலை உலகைக் காக்கும் நிறுவனங்களின் மதிப்புக்குக் குறைவாகத் தோன்றக்கூடும் என்பதை மனுதாரர்கள் உணர்ந்தே இருக்கின்றனர்.

ஆகவே, மதிப்பீட்டில் நூற்றில் ஒரு பங்கான 3.46 கோடி டாலரை மட்டும் கண்காணிப்புக் கருவியே இல்லாத எரிமலைகளுக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சிய தொகையில் யெல்லோஸ்டோனை நிதானமாக ஆற வைக்குமாறும், பணி முடிவுச் சான்றிதழின் ஒரு நகலை அப்போது உயிருடன் இருக்கும் வாரிசுகளுக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புமாறும் கேட்டுக்கொள்கின்றனர்.

இங்ஙனம்,
மனுதாரர்கள்.

இணைப்பு: ஆர்மேரோ அபாய வரைபடம், நகல் ஒன்று.