ஐந்தாம் வகுப்பேற்றமும் பேசியோர் பட்டியலும்: நெல்லைச் சீமைக் கிறிஸ்தவப் பள்ளிகளை முன்வைத்து ஒரு பன்முக நோக்கு

ஐந்தாம் வகுப்புக்குப் பிள்ளைகள் ஏறுவது குறித்துத் தமிழில் இதுவரை எவரும் ஆராயவில்லை. (இந்த வரி இல்லாமல் ஆய்வேடு தொடங்குவது நம்மூர் வழக்கமில்லை. ‘எவரும் ஆராயவில்லை’ என்ற இடத்தில் ‘நான் தேடவில்லை’ என்று படித்துக்கொள்வது மரபு.) அக்குறை தீர்க்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வெல்லை, பாளையங்கோட்டை தொடங்கித் தேரிக்காடு ஈறாகப் பரந்து கிடக்கும் அரசு உதவிபெறும் கிறிஸ்தவத் தொடக்கப் பள்ளிகள்; அதாவது கத்தோலிக்கரின் ஆர்.சி. பள்ளிகளும் சீர்திருத்தச் சபையாரின் டி.டி.டி.ஏ. பள்ளிகளும். நடைமுறையில், பஸ் ஏறாமல் போய்வரக்கூடிய ஒன்றிரண்டு.

சான்றுகள் மூவகை: பெஞ்சுக் கல்வெட்டு, கரும்பலகைச் சாசனம், வாய்மொழி. வாய்மொழித் தகவலாளி பெண், வயது ஒன்பது, இந்த ஜூனில் ஐந்துக்குப் போனவள், கட்டுரையாளரின் வீட்டிலேயே வசிப்பவள். தன் பெயரைப் போடச் சொல்லி மூன்று முறை வற்புறுத்தினாள். ஆய்வு நெறி இடம் தரவில்லை. அமர்வுக்கு ஒன்று வீதம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வழங்கப்பட்டது. புவிசார் குறியீடு பெற்ற பண்டம் என்பதால் தரவின் நம்பகத்தன்மை கூடுகிறது.

முதலில் காலம். ஐந்தாம் வகுப்பு எப்போது தொடங்குகிறது? பள்ளி திறக்கும் நாளில் என்பர் அரசுச் சார்பினர். அந்த நாளே நிலையில்லாதது. 2023இல் வெயிலுக்குப் பயந்து தள்ளித் தள்ளி, ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12, ஐந்து வரை ஜூன் 14 என இரண்டாகப் பிளந்தது. 2024இல் ஜூன் 6 என்று சொல்லி, யூனிஃபார்ம் தேய்த்து வைத்த பிறகு ஜூன் 10 என்றார்கள். புத்தகம் கைக்கு வரும் நாளே தொடக்கம் என்பர் பொருள்முதல்வாதியர். அதற்கு அட்டை போட்டு லேபிள் ஒட்டும் இரவே தொடக்கம் என்பர் தாய்மார். தகவலாளியின் துணிபு வேறு. பழைய ஐந்தாம் வகுப்பு கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வாசல் தாண்டிய கணமே நாலு ஐந்தாகிவிட்டதாம். “அவங்க போன அன்னைக்கே நாங்கதானப்பா மணி அடிச்சோம்” என்றாள். மணி என்பது வேப்பமரத்தில் கம்பி கட்டித் தொங்கும் தண்டவாளத் துண்டு. இது தக்க சான்றாகக் கொள்ளப்படுகிறது.

அடுத்து இடம். பழைய மிஷன் கட்டடங்களில் ஒரே நீள ஹால், நடுநடுவே தட்டி. இங்கே பின்னத்துக்குப் பகுதி ஒன்றாக்கிக்கொண்டிருக்கும்போது தட்டிக்கு அப்பால் ஒன்றாம் வகுப்பு “அணில்” என்று அலறும். ஐந்தாம் வகுப்பார் பலர் வாழ்நாள் முழுதும் மீச்சிறு பொது மடங்கு என்றதும் அணிலை நினைப்பதற்கு இதுவே காரணம்.

உணவு: காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 முதல் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டதால், முதல் மணிக்கு முன்பே பந்தி ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் ஐந்தாம் வகுப்பைச் சேர்ந்தது.

தேர்வு: ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று 2019 செப்டம்பரில் ஆணை வந்தது, 2020 பிப்ரவரி 4 அன்று ரத்தானது. இடைப்பட்ட நாளெல்லாம் பெற்றோர் தூங்கவில்லை. பிள்ளைகள் தூங்கினர்.

வேதபாடம்: அந்தப் பீரியடில் வேதப் பிள்ளைகள் மறைக்கல்விக்கும் மற்றப் பிள்ளைகள் நன்னெறிக்கும் பிரிவர். அன்றைக்கு எங்கே கதை நன்றாயிருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்வாரும் உளர்.

ஜெபம்: “டீச்சர், இவன் கண்ணத் தொறந்துட்டான்” என்ற புகாரில் உள்ள சிக்கலைத் தர்க்க நூலார் தீர்த்துவிட்டபடியால் இங்கே விரிக்கப்படவில்லை. தீர்க்கப்படாதது வேறொன்று. ஆர்.சி. பள்ளியில் காலை ஜெபத்தில் சிலுவை அடையாளம் போடுவதில் இந்துப் பிள்ளைகளே கெட்டிக்காரர்கள் என்பது யாவரும் அறிந்தது. கட்டுரையாளர் கேட்டுக்கு வெளியே நின்று கூர்ந்து நோக்கியபோது, நெற்றியில் திருநீறு பூசிய ஒரு பையனின் வலக்கை ‘பிதா’வுக்கு மேலே எழும்பி, நெற்றிக்கு ஒரு விரற்கடை முன்பாகவே நின்று, காற்றைத் தொட்டுவிட்டு, ‘சுதன்’ என்று நெஞ்சுக்கு இறங்கியது. நீறு கலையவில்லை. அந்த ஒரு விரற்கடைக்குத் ‘திருநீற்றிடைவெளி’ என்று இக்கட்டுரை பெயர் சூட்டுகிறது. புதுக் கலைச்சொல் ஒன்றாவது இல்லாவிட்டால் பட்டம் தரமாட்டார்கள்.

இனி, ஆய்வின் நெஞ்சப் பகுதி.

ஈராசிரியர் பள்ளியில் வகுப்பு ஐந்து. ஒரு டீச்சர் மீட்டிங்குக்குப் போய்விட்டால் மற்றவர் ஐந்தையும் மேய்க்க வேண்டும். அந்நேரம் சாக்பீஸும் கையுமாகப் பலகையோரம் நிற்பவன் லீடர். நாலாம் வகுப்பு லீடர் நாலாம் வகுப்புக்கு மட்டும் லீடர். ஐந்தாம் வகுப்பு லீடரோ தட்டிகளைக் கடந்தவன். ஐந்துக்கு ஏறுவது என்பதன் முழுப் பொருளும் இதுவே: அதுவரை எழுதப்பட்டவன் எழுதுகிறவன் ஆகிறான்.

சாசனத்தின் அமைப்பு வருமாறு. பலகையின் வலது ஓரத்தில் செங்குத்தாக ஒரு கோடு. அதற்கு இப்பால் தேதி, கிழமை, பதிவு, வருகை. அப்பால் ‘பேசியவர்கள்’ என்ற தலைப்பு, கீழே பெயர்கள், பெயரையொட்டி ×2, ×3 முதலிய குறிகள். திருந்தாதோர்க்கு ‘அடங்காதவர்கள்’ என்று தனித் தலைப்பு. ‘நல்லவர்கள்’ என்றொரு பத்தியும் சில படிகளில் காணப்படுகிறது. அதில் லீடர் பெயர் ஒன்றே இருப்பதால் இடைச்செருகல் எனத் தள்ளுக.

சாசனத்தின் காலம் யாது? நாம் நேரில் கண்ட படியில் தலைப்பு ‘பெசியவர்கள்’ என்றே உள்ளது. ஏகாரத்துக்கு இரட்டைச்சுழிக் கொம்பைத் தந்தவர் வீரமாமுனிவர் என்பது பள்ளிக்கூடத்துச் செய்தி. இச்சாசனத்தில் ஒற்றைக் கொம்பே பயில்கிறது. ஆகவே இது 1747இல் மறைந்த அம்முனிவரின் சீர்திருத்தத்துக்கு முற்பட்டது. அவர் தமிழ்நாட்டுக்கு வந்தது 1711இல். அதற்கு முன்பே நெல்லைச் சீமையில் ஐந்தாம் வகுப்பு லீடர் ஒருவன் சாக்பீஸோடு நின்றிருக்க வேண்டும் என்பது தேற்றம். இரேனியுஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து பள்ளிகள் திறந்ததே 1820க்குப் பிறகுதானே என்பாருக்கு விடை: பள்ளி பிந்தியிருக்கலாம், பலகை முந்தியிருக்கலாம். தொல்காப்பியத்தைத் தத்தமக்கு வேண்டிய நூற்றாண்டில் கொண்டுபோய் உட்காரவைத்த பேராசிரியர்கள் இதைவிட மெலிந்த சான்றோடுதான் சால்வை வாங்கினார்கள்.

தகவலாளியிடம் கேட்கப்பட்டது. “லீடருக்குக் கொம்பு போட வராதுப்பா” என்றாள். தலையில் மட்டும் முளைத்திருக்கிறதாக்கும் என்றேன். சிரித்தாள். முடிவுக்குத் துணைசெய்யாததால் இவ்வுரையாடல் தரவிலிருந்து நீக்கப்பட்டது.

அடுத்துப் பெயரையொட்டி வரும் × குறி. மேலோட்டமாகப் பார்ப்பவர் இதைப் பெருக்கல் என்பர். ஆழ்ந்து நோக்கினால் இது புனித அந்திரேயாவின் சிலுவை. அவர் இவ்வடிவச் சிலுவையிலேயே அறையப்பட்டதாக மரபு; ஸ்காட்லாந்துக் கொடியிலும் அதுவே. ஆகவே பேசியோர் பட்டியல் ஸ்காட்லாந்துக்காரர் வழி வந்தது. இதில் சென்னைக் கட்சி, நெல்லைக் கட்சி என இரண்டு உண்டு. ஜான் ஆண்டர்சன் 1837இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளிதானே பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று, எனவே × அங்கிருந்து தெற்கே இறங்கியது என்பது சென்னைக் கட்சி. நெல்லைக் கட்சி விடுமா? கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்தாலும் கிளாஸ்கோவில் படித்தவர். 1841இல் இடையன்குடிக்கு அவர் வந்தபோது கூடவே × வந்தது. வடக்கிலிருந்து இங்கே எதுவும் வரவேண்டிய அவசியம் இல்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் (1856) இக்குறி பற்றி அவர் பேசாதது ஏன் என்றால், தெரிந்ததை யாரும் எழுதமாட்டார்கள் அல்லவா? மௌனமும் சான்றே. நம் ஆய்வுலகில் மௌனத்தைப் போல் மேற்கோளுக்கு வளைந்துகொடுக்கும் சான்று வேறில்லை.

நெல்லைக் கட்சிக்கு அரணாகக் கல்வெட்டு மூன்று காட்டுவோம். முதலாவது, பெஞ்சு 2, இடக்கோடி. இரண்டாவது, பெஞ்சு 4, மேற்பரப்பு, காம்பஸ் முனைக் கீறல், எழுத்தமைதி கொண்டு மூன்றாம் பருவம் எனலாம். மூன்றாவது, பெஞ்சு 4, அடிப்பரப்பு, சூயிங்கத்துக்குக் கீழிருந்து ஸ்கேலால் மீட்கப்பட்டது, முதல் மூன்று எழுத்து சிதைவு, இதன் மூலப்படி பையன்கள் கழிப்பறையின் வடசுவரில் கரியால் இருந்து, ஆண்டாய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று வெள்ளையடித்தபோது மறைந்து, மறுபடி சத்துணவுக் கூடத்து மூன்றாம் தூணில் செங்கல் துண்டால் பெயர்த்தெழுதப்பட்டு, அதன்மேல் ‘கைகளைச் சுத்தமாகக் கழுவுவோம்’ என்று பெயிண்டர் எழுதியதால் பாதி புதைந்து, ‘ழு’வின் வயிற்றுக்குள் இன்றும் ஒரு × தெரிய நிற்கிறது (ஒப்பிடுக: பெஞ்சு 2, மேலும் காண்க: இதே கட்டுரை, மேலே).

தகவலாளி கருத்து: “எப்பா, அது பெருக்கல்லா! ரெண்டு தடவ பேசுனா ரெண்டு அடி.” ஆனால் 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியைத் தடைசெய்துவிட்டது. எனவே பெருக்கப்படும் எண் சுழியம் ஆகிறது. எதால் பெருக்கினாலும் விடை சுழியமே என்று அதே வகுப்பில்தான் சொல்லித் தருகிறார்கள். அப்படியிருந்தும் பெயர் எழுதியதும் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வது × குறியின் சமய ஆற்றலையே காட்டும்.

சமயம் என்று வந்தபின் அழிப்புச் சடங்கைப் பேசாமல் விடலாகாது. டீச்சர் வருமுன் பட்டியலிலிருந்து பெயரை அழிக்க வழி உண்டு. புளிப்புமிட்டாய் ஒன்றுக்கு ஒரு × குறையும். தேன்மிட்டாய்க்குப் பெயரே போகும். இது பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை. இதை எதிர்த்துத்தானே மார்ட்டின் லூதர் 1517இல் விட்டன்பர்க்கில் 95 கூற்றுகளை முன்வைத்தார்! அவர் வழி வந்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அங்கிருந்து நெல்லைக்கு வருவதற்குள் அக்கொள்கை எப்படித் தலைகீழாகி மிட்டாய்க் கடை வாசலில் வந்து நின்றது என்பது திருச்சபை வரலாற்றின் இருண்ட பக்கம். ஆர்.சி. தரப்புக்கும் இதில் நழுவ வழியில்லை. பணம் பெற்றுப் பலன் தரும் ஏற்பாடுகளைத் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் 1567இலேயே ரத்துசெய்துவிட்டார். ஐந்தாம் பயஸ், ஐந்தாம் வகுப்பு: இந்த ஐந்து தற்செயலா? தற்செயல் என்று ஒப்புக்கொண்டால் கட்டுரை இரண்டு பக்கம் குறையும்.

“லீடர் காசு வாங்கமாட்டான், மிட்டாய்தான் வாங்குவான்” என்று தகவலாளி காட்டிய நுட்பம் ஈண்டு நோக்கத்தக்கது. அந்த 1567 ஆணையிலிருந்து அவன் தப்பும் வாயில் அதுவே.

இக்கருதுகோளை ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்கும் வாய்ப்புக் கிட்டியது. பன்னாடு என்பது திரையில் தெரிந்த ஒரு மலேசிய அன்பர். அவரும் மைக் அணைந்திருந்ததை அறியாமல் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார். வாசிக்கத் தரப்பட்ட நேரம் ஐந்து நிமிடம், பொன்னாடைக்கு ஒதுக்கியது ஒரு மணி. அந்திரேயா சிலுவை வரை வந்தபோது தலைவர் மணி அடித்தார். தண்டவாளமாக இருந்திருந்தால் இன்னும் கணீரென்றிருக்கும்.

பின்னர் கட்டுரை, ஐ.எஸ்.எஸ்.என். எண் பெற்ற ஓர் ஆய்விதழுக்கு அனுப்பப்பட்டது. காலையில் அனுப்பி மாலையில் ஏற்புக் கடிதம் வந்தது. துறை வல்லுநர் இருவர் வரிவரியாகப் படித்துச் சரிபார்த்ததாகவும், பிழை ஏதும் இல்லை என்றும், வெளியீட்டுக் கட்டணத்தை ஜிபேயில் அனுப்பினால் போதும் என்றும் அதில் இருந்தது. தொகையைத் தகவலாளியிடம் காட்டினேன். எங்க லீடர் ஒரு தேன்மிட்டாய்க்கே முடிச்சிருவானே என்றாள்.