திகில் நூல்களும் வீட்டு விளக்குகளும்: ஓர் அளவையியல் ஆய்வு

வரையறை

வாசிப்பவரைத் தம் சொந்த வீட்டிலேயே தனியாக நடமாடத் தயங்க வைக்கும் எழுத்து திகில் இலக்கியம் எனப்படும். நடை, பாத்திரப் படைப்பு, உத்தி ஆகியவை எல்லா இலக்கியத்துக்கும் பொதுவான அளவுகோல்கள். திகிலுக்கே உரிய அளவுகோல் ஒன்றுதான்: புத்தகத்தை மூடிய பின் வீட்டில் எத்தனை விளக்குகள் எரிகின்றன என்பது.

வரலாறு

எடோ கால ஜப்பானியர் நூறு விளக்குகளை ஏற்றிவைத்து, ஒரு பேய்க்கதை முடிந்தால் ஒரு விளக்கை அணைப்பது என்று கூடிப் பொழுது போக்கினர். கடைசி விளக்கு அணைந்ததும் பேய் வந்துவிடும் என்பது நம்பிக்கை. எனவே பலர் 99ஆம் கதையோடு எழுந்துகொண்டனர். நூறாவது கதை எவ்வளவு பயங்கரமானது என்பதற்குச் சான்றுகள் குறைவாக இருப்பதன் காரணம் இதுவே.

ஐரோப்பாவில் 1764இல் வெளிவந்த ஹொரேஸ் வால்போலின் ‘ஒட்ராண்டோ கோட்டை’ இத்துறையைத் தொடங்கிவைத்தது. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதன் விளைவாக அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு அஞ்சி வீட்டுக்குள் முடங்கியவர்கள் பேய்க்கதைப் போட்டி வைத்துக்கொண்டனர். அதிலிருந்து மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1818), மருத்துவர் பாலிடோரியின் ‘வாம்பயர்’ (1819) என இரு நூல்கள் பிறந்தன. வெயில் குறையக் குறைய விளைச்சல் கூடும் ஒரே பயிர் திகில்தான் என்பது இதனால் நிறுவப்படுகிறது.

கேம்பிரிட்ஜ் அறிஞர் எம்.ஆர். ஜேம்ஸ் கிறிஸ்துமஸ் இரவுகளில் நண்பர்களுக்குத் தம் கதைகளைப் படிக்குமுன், ஒன்றைத் தவிர மற்ற மெழுகுவர்த்திகளையெல்லாம் ஊதி அணைப்பார். எழுதுபவர் அணைப்பதும் படிப்பவர் ஏற்றுவதுமே இவ்விலக்கியத்தின் சுருக்கமான வரலாறு.

வகைப்பாடு

முதல் நிலை, ஜீரோ வாட் பல்பு. கடைசியில் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிடும் நூல்கள் இதில் அடங்கும். ஆன் ராட்கிளிஃப்பின் ‘உடால்ஃபோ’வில் (1794) நாயகியை மயங்கி விழச் செய்த கருந்திரைக்குப் பின்னே இருந்தது வெறும் மெழுகு உருவம். வாசகர் நிம்மதியாகவும் சற்றே ஏமாற்றத்துடனும் உறங்குவார்.

இரண்டாம் நிலை, ஹால் டியூப்லைட். பேய் உண்டு, ஆனால் அதற்கு மாற்றும் உண்டு. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) இவ்வகை. பூண்டு இருக்கிறதா என்று அடுக்களை வரை போய்ப் பார்த்துவர ஹால் வெளிச்சம் போதும்.

மூன்றாம் நிலை, வீடு முழுவதும். வந்தது என்ன, உண்மையிலேயே வந்ததா என்பதைக் கடைசிவரை சொல்லாத நூல்கள் இவை. டபிள்யூ.டபிள்யூ. ஜேக்கப்ஸின் ‘குரங்குப் பாதம்’ (1902) கதையில் கதவைத் தட்டியது எது என்று யாரும் பார்ப்பதில்லை. ஷர்லி ஜாக்சனின் ஹில் ஹவுஸ் நாவலிலும் (1959) புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யிலும் ஐயம் தீர்வதே இல்லை. எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒன்றுக்காக எல்லா அறைகளிலும் விளக்கைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்நிலைக்கு இலக்கணம் வகுத்தவர் ராட்கிளிஃப்பே என்பது வியப்பு. அவர் இறந்த பின் 1826இல் வெளிவந்த கட்டுரையில், தெளிவின்மையால் எழும் அச்சம் மனத்தை விரிக்கும் என்றும், நேரே கண்டுவிட்ட கோரம் அதை உறைய வைக்கும் என்றும் பிரித்துக் காட்டினார். இலக்கணம் தெரிந்தவர் கருந்திரையை ஏன் விலக்கினார் என்பது தனி ஆய்வுக்குரியது.

நூல் தேர்வு

பட்டியல் முறை பழமையானது. ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’யில் ஒரு தோழி ஏழு பயங்கர நாவல்களின் பெயர்களை அடுக்குகிறாள். அவை கற்பனைப் பெயர்கள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது; பிறகு ஏழும் உண்மையில் அச்சானவை என்று தெரிந்தது. இத்தகைய நாவல்களைப் படித்துக் கெட்ட நாயகி, நள்ளிரவில் ஒரு பழைய தாள்சுருளைக் கண்டெடுத்த நேரத்தில் மெழுகுவர்த்தி அணைய, வெகுநேரம் உறங்காமல் நடுங்குகிறாள். விடிந்ததும் அது சலவைக் கணக்கு. வெளிச்சத்தின் அளவே திகிலின் அளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை இல்லை.

அட்டையைப் பார்த்து வாங்குவது நம்பத்தகாத முறை. மண்டையோடு, முழுநிலவு, வெள்ளைப் புடவை மூன்றும் அட்டையிலேயே வந்துவிட்டால், பேய்க்கு உள்ளே வேலை குறைவு. நண்பர் பரிந்துரையிலும் எச்சரிக்கை தேவை. “எனக்கெல்லாம் பயமே இல்லை” என்பவரிடம் நூலைப் பற்றிக் கேட்பதைவிட, அன்றிரவு எந்தெந்த சுவிட்சைப் போட்டார் என்று அவர் வீட்டாரிடம் விசாரிப்பது நலம்.

புதிதாகத் தொடங்குவோர் ஒரே அமர்வில் முடியும் ‘காஞ்சனை’, ‘குரங்குப் பாதம்’ ஆகியவற்றில் தொடங்கி, பிறகு ஜாக்சனின் நாவலுக்குப் போகலாம். பகலில் தொடங்கலாம் என்பது பொதுவான தவறு. நல்ல நூல் இரவில்தான் முடியும்.

செலவும் வரம்பும்

மூன்று 40 வாட் டியூப்லைட்டுகள் 8 மணி நேரம் எரிந்தால் 960 வாட் மணி, அதாவது ஏறத்தாழ ஒரு யூனிட். இரண்டு மாதம் இரவுதோறும் மூன்றாம் நிலை நூல்களையே படித்தாலும் 58 யூனிட்டைத் தாண்டாது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், இதைத் திகில் இலக்கியத்துக்கான அரசு மானியமாகக் கொள்ளலாம். ஃபிரிட்ஜும் மின்விசிறியும் இக்கணக்கில் சேரா.

மின்வெட்டு நாளில் இந்த அளவுகோல் செல்லாது. அன்று எந்த நூலும் தானாகவே மூன்றாம் நிலைக்கு உயர்ந்துவிடுவதால், அவ்விரவின் முடிவுகளை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை.