பத்தின் வர்க்கம் நூற்றிரண்டு

பெறுநர்: பாடநூல் தயாரிப்புக் குழு, தொலைநிலைக் கல்வி இயக்ககம்.

பொருள்: தாங்கள் கண்டுபிடித்த புதிய கணிதத்துக்கு நன்றி தெரிவித்தல் – சார்பு.

மதிப்புக்குரிய ஐயா,

நான் காதால் படிப்பவன். தாங்கள் இணையத்தில் ஏற்றிய கணிதப் பாடநூலை என் கணினியிலுள்ள திரைவாசிப்பான் உரக்கப் படிக்கிறது. அதன்படி பத்தின் வர்க்கம் நூற்றிரண்டு. தலைக்கு மேல் சிறிதாக ஏற வேண்டிய 2, பக்கத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்ததால் வந்த வினை. கழித்தல் குறிக்குப் பதிலாக இணைப்புக்கோட்டைத் தட்டியிருக்கிறீர்கள். வழக்கமான அமைப்பில் வாசிப்பான் அதை விழுங்கிவிடும். ‘ஏழு நான்கு’ என்று மட்டும் கேட்கிறது. கூட்டுவதா கழிப்பதா என்பது அவரவர் மனசாட்சிக்கு.

மூன்றாம் பாடத்தில் அந்தக் குழப்பமும் இல்லை. சமன்பாடுகளையெல்லாம் படம் பிடித்து ஒட்டிவிட்டீர்கள். ‘படம்... படம்... படம்...’ எங்கள் ஊர்க் கொட்டகையில் தீபாவளிக்குக்கூட இத்தனை படம் ஓடியதில்லை.

காணொளி வகுப்பு அதைவிட அருமை. “இதை இங்க கொண்டுவந்து, அதால வகுத்தா, இது வந்துரும். புரியுதா?” புரிந்தது ஐயா, ஏதோ வந்துவிட்டது. தேர்வுக்கு முக்கியமானவை சிவப்பில் இருக்கின்றன என்றும் பேராசிரியர் சொன்னார். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத என் நண்பன் புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான்.

வழியில்லாமல் இல்லை. சமன்பாட்டைப் படமாக்காமல் இணையத்தில் எழுத 1998இலேயே மேத்எம்எல் வந்துவிட்டது. உரிய துணைநிரல் இருந்தால் வாசிப்பான் அடுக்கை அடுக்கென்றே சொல்லும். விரலால் படிக்க நெமத் பிரெயில் குறியீடு இருக்கிறது. அதை வகுத்த ஆபிரகாம் நெமத், பார்வையற்ற கணிதப் பேராசிரியர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. தங்கள் அலுவலகத்தில் அதையும் ஸ்கேன் செய்து படமாக வைத்திருப்பதால் படிக்க முடியவில்லை போலும்.

சென்ற தேர்வில் பத்தின் வர்க்கம் கேட்டிருந்தார்கள். நூற்றிரண்டு என்றேன். சொல்வதை எழுத வந்த பெண் பேனாவைத் தூக்கிக்கொண்டு, “அண்ணா, நிஜமாவா?” என்றாள். “பாடநூல் பொய் சொல்லுமாம்மா, எழுது” என்றேன்.

தாங்கள் போட்ட மதிப்பெண் பூஜ்யம். வாசிப்பான் அதை மட்டும் தப்பில்லாமல் படித்தது.

இப்படிக்கு,
(படம்)