தும்மலுக்கு ஒரு நோட்டு

கேள்வி: காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல். எப்போது, எதனால் என்று தினமும் எழுதி வைக்கச் சொல்கிறார் டாக்டர். தும்மலுக்குமா கணக்குப்பிள்ளை?

பதில்: கட்டாயம் வேண்டும். மூக்குக்கு ரோஷம் உண்டு, ஞாபகம் கிடையாது! கோடைத் தும்மலால் அவதிப்பட்ட மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி, பசை தடவிய கண்ணாடித் துண்டுகளில் விழுந்த மகரந்தத்தை நாள்தோறும் எண்ணி, தன் மூக்கின் பாட்டோடு ஒப்பிட்டார். வெயில் அல்ல, புல்லின் மகரந்தமே காரணம் என்று 1873-இல் நூலாகவே எழுதினார். உங்கள் நோட்டில் ‘காலை 6 மணி, படுக்கையை உதறினேன், தும்மல், கண் அரிப்பு, வெளியே போனதும் இரண்டும் இல்லை’ என்று வரிசையாக வந்தால், தெருப்புழுதியை விட்டுவிட்டு மெத்தையில் வாழும் தூசி உண்ணிகளைச் சந்தேகிக்கலாம். ‘அலர்ஜி டெஸ்ட் எடுத்தால் போதாதா?’ என்பீர்கள். உடம்பு எதற்கெல்லாம் சிலிர்க்கும் என்று டெஸ்ட் சொல்லும். அவற்றில் எது உங்களை அன்றாடம் தும்ம வைக்கிறது என்பதை நோட்டுதான் காட்டும். ‘எழுத ஆரம்பித்தால் எதைப் பார்த்தாலும் சந்தேகம் வருமே’ என்பதும் நியாயமான கவலை. மூக்கடைப்பு சில மணி நேரம் கழித்தும் வரும் என்பதால், சற்றுமுன் கண்ணில் பட்டதெல்லாம் குற்றவாளி ஆகிவிடாது. அதனால்தான் தும்மாத நாட்களையும் எழுத வேண்டும்: அன்றும் சாம்பிராணி போட்டிருந்தால், அதன் மீதுள்ள சந்தேகம் குறையும். விழுங்கிய மாத்திரையையும் மறக்காமல் குறியுங்கள். மாத்திரை அடக்கிய நாளை மூக்கு தானாகவே அடங்கிய நாளாக எண்ணிவிடக் கூடாது.