வந்ததா, வந்தனவா? தக்காளிப் பெட்டியின் எண் இயைபு குறித்த ஓர் ஆய்வு

எழுவாய் ஒருமையாயின் பயனிலையும் ஒருமையாதலும், பன்மையாயின் பன்மையாதலும் இயைபு எனப்படும். ‘ஒரு பெட்டித் தக்காளி’ என்னுமிடத்துப் பெட்டி ஒன்றாகவும் தக்காளி பலவாகவும் இருத்தலின், பயனிலை எதற்குக் கட்டுப்படும் என்னும் ஐயம் எழுகிறது. இதை ஆராயத் தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளியே ஏற்ற களம்; ஏனெனில் சுற்றியுள்ள காடுகளில் தக்காளி விளைந்து பாலக்கோட்டுச் சந்தைக்குப் பெட்டி பெட்டியாகப் போகிறது என்பதோடு, அங்கு எவருக்கும் இந்த ஐயம் எழாததால் ஆய்வு இடைவெளியும் தயாராகவே இருக்கிறது.

ஆங்கிலேயர் இதில் பட்ட பாடு பெரிது. ‘எ நம்பர் ஆஃப்’ என்றால் பன்மை, ‘தி நம்பர் ஆஃப்’ என்றால் ஒருமை என, முன்னிற்கும் சிறுசொல் மாறியதும் வினை கட்சி மாறுகிறது. ரண்டால்ஃப் குவர்க்கும் மற்ற மூவரும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணம், சொல்வடிவைப் பின்பற்றும் இலக்கண இயைபு, கருத்தைப் பின்பற்றும் கருத்தியைபு, பக்கத்தில் நிற்கும் பெயருக்குப் பணிந்துபோகும் அண்மை விதி என மூன்றை வகுத்தமையால், எந்தப் பிழைக்கும் ஏதேனும் ஒரு விதி ஜாமீன் கொடுக்க முன்வருகிறது.

தமிழில் அஃறிணைப் பெயர் ‘கள்’ விகுதியின்றியே பலவற்றையும் குறிக்கும். ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ இரண்டும் வழுவற்றவை. இத்தகைய பெயர் பால்பகா அஃறிணைப் பெயர் எனப்படும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடர் என ஐவர் உரை கண்டும் ஒருவரும் தக்காளியைத் தொடவில்லை. அமெரிக்கக் கண்டத்துப் பழமான அது அக்காலத்தில் தமிழகத்து அடுக்களைக்கு வந்து சேரவில்லை என்பது உண்மையே எனினும், நல்ல நெறியாளர் ஒருவர் வாய்த்திருந்தால் அக்குறையும் அடிக்குறிப்பால் நிரம்பியிருக்கும்.

அளக்கப்படுவன மூவகை. முதலாவது, பால், எண்ணெய் முதலியன: என்றும் ஒருமை, சண்டை இல்லை, ஆதலின் ஆய்வும் இல்லை. இரண்டாவது, ஆட்கள்: ‘பத்துப் பேர் வந்தனர்’, ‘கூட்டம் வந்தது’, தேர்தல் காலத்தில் பத்துப் பேரே கூட்டம். மூன்றாவது, பெட்டி.

பெட்டி குறித்து இரு கொள்கைகள் உள. ஏலம் பெட்டிக்கே கூறப்படுவதால் ‘வந்தது’ என்பர் பெட்டிவாதிகள். அழுகலைப் பொறுக்கும்போது ஒவ்வொரு பழமும் தனித்தனியே விசாரிக்கப்படுவதால் ‘வந்தன’ என்பர் பழவாதிகள். முன்னவர்க்குச் சான்று, எடைபோடுபவர் காதில் செருகிய பென்சில். பின்னவர்க்குச் சான்று, ‘பெட்டியியல்’, அடுக்குப் படலம், அடிப்பெட்டி நூற்பா, நசுங்கலுரை, சாறு ஒழுகிய பக்கம், மேலிருந்து மூன்றாம் கறை. இந்நூல் இன்னும் எழுதப்படவில்லை. ஆயினும் ஆய்வேடுகளின் கடைசிப் பக்கங்களில் அணிவகுக்கும் நூல்கள் பலவற்றைப் படித்தவர் எத்தனை பேரோ, இதைப் படித்தவரும் அத்தனை பேரே என்பதால், மேற்கோளாக ஏற்பதில் தடையில்லை.

இரு கொள்கைகளையும் மறுத்து இக்கட்டுரை நிறுவுவது விலையியைபு. விலை ஏறிய நாளில் அடுக்களைக் கூடையில் ‘நான்கு இருந்தன, ஒன்றைக் காணோம்’ எனப் பழம் பழமாகப் பன்மை காக்கப்படுகிறது. விலை விழுந்த நாளில் ஒரு வண்டிப் பழமும் சாலையோரம் கொட்டப்பட்டு, ‘கிடந்தது’ என ஒற்றை வினையில் அடங்கிப்போகிறது.

இதற்கு ஒரு தடை உண்டு. ஊர்ப்பேச்சில் ஒரு பழமும் ‘வந்துச்சு’, ஒரு லாரிப் பழமும் ‘வந்துச்சு’. அஃறிணைப் பன்மை வினையைப் பேச்சு எப்போதோ இறக்கி வைத்துவிட்டது. எழுதுவோர் மட்டுமே அதை இன்னும் சுமக்கின்றனர், கூலியும் பெறுகின்றனர்.

பறிகூலி, வண்டி வாடகை, தரகு எல்லாம் கழித்தபின் விளைவித்தவர் சொல்லும் வினைமுற்று ‘கட்டுப்படியாகவில்லை’ என்பது. ‘இல்லை’ என முடியும் இம்முற்று திணை, பால், எண், இடம் எதையும் காட்டாது. ஒரு பெட்டிக்கும் நூறு பெட்டிக்கும் மாறாமல் பொருந்தும். ஆதலின் மாரண்டஹள்ளியில் இயைபுப் பிழை நேர்வதற்கு இடமே இல்லை.